மேதாவின் நான்காம் ஆண்டு

டிகாக்‌ஷன் இறங்கக் கொஞ்சம் நேரமாகும், அவசரப்படாதீர்கள். வீடு தேடி வந்த தமிழ்க்காரருக்கு இன்ஸ்டன்ட் காபி கொடுத்து அனுப்பினாள் என்று ஆர்.கே.புரத்தில் பேர் வாங்க எனக்கு இஷ்டமில்லை. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். சோபாவில் உட்காருங்கள். விசிறியைப் போடட்டுமா?

நீங்கள் வந்த காரியம் எனக்குத் தெரியும், பிரியதர்ஷினி மேடம். என் பெண் மேதா நான்காம் ஆண்டிலிருந்து விலகி, மூன்றாண்டுப் பட்டத்தோடு வெளியே போக விண்ணப்பிக்கிறாள். முனிர்காவில் ஒரு சிநேகிதியின் அறையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவள் பொத்தானை அழுத்தினால் பல்கலைக்கழகத்தின் போர்ட்டல் ஓர் ஆறு இலக்க ஓ.டி.பி. அனுப்பும். அது வருவது என் போனுக்கு, ஏனென்றால் சேர்க்கையின்போது பதிவுசெய்த நம்பர் என்னுடையது. பெண் என்னோடு பேசுவதில்லை. ஆகவே அவளுடைய ஆய்வுக்கு கைடான நீங்கள் நேரில் வந்து, எண்ணை என்னிடம் கேட்டு, அவளுக்குப் போனில் சொல்லப் போகிறீர்கள். மூன்று முறைதான் எண் அனுப்புவார்கள். இன்று கடைசி நாள், ஐந்து மணிக்குப் போர்ட்டலை மூடிவிடுவார்கள். ஏதாவது தப்பாகச் சொன்னேனா?

போன் ஃபிரிட்ஜ் மேல் சார்ஜில் இருக்கிறது. வந்தால் டிங் என்று கேட்கும், உங்களுக்கும் கேட்கும். அதுவரை நீங்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டீர்களே, அதற்குப் பதில் சொல்கிறேன். "ஏம்மா இப்படிப் பண்ணுனீங்க?" என்றீர்கள். மதுரைப் பக்கமா நீங்கள்? கேட்ட விதத்தில் கோபமே இல்லை. அதனால்தான் எனக்கும் மறைக்கத் தோன்றவில்லை.

முதலில் ஒரு விஷயம். எனக்குக் கணிதம் படிக்க ஆசை இருந்தது, அதற்குள் கழுத்தில் தாலியைக் கட்டி டெல்லிக்கு ரயிலேற்றிவிட்டார்கள், நிறைவேறாத ஆசையைப் பெண் தலையில் கட்டினேன் என்றெல்லாம் ஆட்டோவில் வரும்போது யோசித்திருப்பீர்கள். அப்படி எதுவும் கிடையாது. நான் மாயவரத்தில் பி.ஏ. வரலாறு. யாரும் தடுக்கவில்லை, முழுதாகப் படித்து முதல் வகுப்பில் தேறினேன். வரலாறு எனக்குப் பிடிக்காது. எல்லாம் ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது, நாம் போய் ஒன்றும் செய்வதற்கில்லை.

மேதா பதினொன்றாவது படிக்கும்போது சாயங்காலங்களில் அவள் பக்கத்தில் உட்காருவேன். கணக்கு சொல்லிக்கொடுக்க அல்ல, போனை நோண்டாமல் பார்த்துக்கொள்ள. ஒரு நாள் அவள் பாதியில் விட்டுப்போன கணக்கொன்றை நான் போட்டுப் பார்த்தேன். விடை புத்தகத்தின் பின்பக்கத்தில் இருந்ததோடு ஒத்துப்போனது. அன்றைக்கு எனக்கு உண்டான சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? இந்த வீட்டில் என்னிடம் கேட்கப்படும் கேள்விகள் எல்லாம் என் பனியன் எங்கே, ஸ்கூட்டர் சாவி எங்கே, சட்னி இன்னும் இருக்கா. பதில் சொன்னால் சரி என்று யாரும் சொல்வதில்லை. அந்தப் புத்தகத்தின் பின்பக்கம் சொன்னது. நான் அடுப்பில் பாலை வைத்ததை மறந்துவிட்டேன். பால் பொங்கி, மேடையெல்லாம் வழிந்து, மேதாதான் வந்து அணைத்தாள்.

பன்னிரண்டாவது முடிந்ததும் மேதா வரலாறு படிக்கப்போவதாகச் சொன்னாள். இங்கிருந்து ஊரின் மறுகோடியில், ஹாஸ்டல் வசதியோடு ஒரு கல்லூரியாம்.

"ஹிஸ்டரிதான் அம்மா, பக்கா. அப்பாகிட்டயும் சொல்லிட்டேன்."

"என்ன சொன்னார்?"

"அச்சான்னார்."

அவர் எதற்கும் அச்சா என்பார். போன வருஷம் பால்கனி வழியாக வீட்டுக்குள் குரங்கு வந்துவிட்டது என்று நான் ஆபீசுக்குப் போன் பண்ணியபோதும் அச்சா என்றுதான் சொன்னார். மத்திய சர்க்காரில் முப்பது வருஷம் குப்பை கொட்டினால் அப்படி ஆகிவிடும் போலிருக்கிறது. ஆகையால் வீட்டில் யோசிக்க வேண்டியவள் நான் ஒருத்திதான்.

சேர்க்கைக்கு விருப்பப் பாடங்களை நெட்டில் வரிசையாகப் போட வேண்டும், உங்களுக்குத் தெரியாததல்ல. மேதா வரலாற்றை முதலில் போட்டிருந்தாள். என் நச்சரிப்புக்காக உங்கள் கல்லூரியின் பயன்பாட்டுக் கணிதத்தை எங்கோ கீழே, பேருக்கு ஒன்று என்று சேர்த்திருந்தாள். நான் அந்த இரண்டையும் ஒன்றோடொன்று இடம் மாற்றினேன். அவ்வளவுதான். வரிசை மாற்றங்களிலேயே அதைவிடச் சின்னது ஒன்று இல்லை என்று நீங்களே முதலாம் ஆண்டில் பாடம் நடத்துகிறீர்கள். மற்ற விருப்பங்களை நான் தொடவே இல்லை, எல்லாம் அவள் போட்டபடியே இருந்தன. மாற்றத்தை உறுதிசெய்ய ஓர் ஓ.டி.பி. வந்தது. என் போனுக்கு வருவது எனக்கு வருவதுதானே?

முடிவு வந்த அன்று மேதா அழுதாள். கட்-ஆஃப் ஜாஸ்திடி, என்ன பண்றது என்று தலையைத் தடவிக்கொடுத்தேன். பாதாம் ஹல்வா கிளறினேன். நெய்யில் கஞ்சத்தனமே பண்ணவில்லை, தாராளமாக விட்டேன். அழுதுகொண்டே இரண்டு கிண்ணம் சாப்பிட்டாள், குழந்தை.

ஒரு நிமிஷம், டிங் என்றதே. இருங்கள், பார்க்கிறேன்.

காஸ் புக்கிங். சிலிண்டர் நாளைக்கு வருமாம். டிகாக்‌ஷனும் இறங்கிவிட்டது. சர்க்கரை ஒரு ஸ்பூனா, ஒன்றரையா? உங்கள் போன் அடிக்கிறதே, மேதாதானே? இன்னும் வரவில்லை என்று சொல்லுங்கள். சில சமயம் இந்தப் பக்கம் சிக்னல் சரியாக இருக்காது. ஐந்து நிமிஷம் பொறுத்து இன்னொரு தடவை அழுத்தச் சொல்லுங்கள்.

எங்கே விட்டேன்? கல்லூரி. முதல் செமஸ்டரில் மேதா பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வீட்டுக்குக் கொடுத்த கணக்குகளைப் பார்த்தாலே முகம் தொங்கிவிடும். நான் அவளுக்காகப் படித்தேன். காலையில் அவர் ஆபீசுக்கும் அவள் கல்லூரிக்கும் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு யூடியூபில் பாடம் கேட்பேன். வகைக்கெழுச் சமன்பாடுகள் ஒரு வாரத்தில் பிடிபட்டன. பிடிபட்டதாக நினைக்கிறேன். வீட்டு வேலைக்கு வரும் பாயி என்னைத் தீதி என்பாள்; தீதி சர்க்கார் பரீட்சை எழுதப் போகிறாள் போலிருக்கிறது என்று நான்கு மாடிக்கும் சொல்லி வைத்தாள். அசைன்மென்டை எல்லாம் நானே போட்டுக் கொடுத்தேன். மேதா என்னைக் கட்டிக்கொண்டு, "அம்மா, நீ இல்லேன்னா நான் காலி" என்றாள். இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள் மேடம், அவள் வாயால் சொன்னது.

உங்கள் பாடத்தில் எனக்குப் பிடித்த இடம் எது தெரியுமா? எந்தக் கணக்கையும் தொடங்குமுன் வேண்டாததை ஒதுக்குகிறோம் பாருங்கள், அதுதான். காற்றின் தடையைப் புறக்கணிக்கிறோம், உராய்வைப் புறக்கணிக்கிறோம் என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும், எவ்வளவு சிக்கலான விஷயமும் வழிக்கு வந்துவிடுகிறது. புறக்கணித்ததற்காக யாரும் நம்மை வைவதில்லை. என் வீட்டில் அதுவரை அப்படி ஒரு வசதி இருந்ததில்லை.

சிக்கல் இரண்டாம் ஆண்டில் வந்தது. மேதாவுக்குக் கணிதம் பிடிக்க ஆரம்பித்துவிட்டது.

"அம்மா, இத நானே பண்றேன்."

"ஏன்டி, நான் போட்டா என்ன?"

"தப்பா இருக்கும்மா. சாரி. ஸ்டெப் எல்லாம் சுத்திச் சுத்திப் போறது."

அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. அவள் போடும் கணக்கைப் பார்த்திருக்கிறீர்களே, ஒரு பக்கத்தில் முடித்துவிடுவாள். அவசரம். நான் ஏழு பக்கம் எழுதுவேன். விடை மட்டும் இரண்டுக்கும் வேறு வேறாக வரும். ஆக, அவள் போர்ட்டலில் ஏற்றிய பிறகு, அவளுடையதை எடுத்துவிட்டு என்னுடையதை ஏற்ற ஆரம்பித்தேன். மாற்றி ஏற்ற வேண்டுமானால் ஓ.டி.பி. கேட்கும். அதில் எனக்கு எந்தக் கஷ்டமும் இருக்கவில்லை.

வகுப்பில் டக்கென்று பதில் சொல்கிறாள், பரீட்சையில் தொண்ணூறு வாங்குகிறாள், அசைன்மென்டில் மட்டும் ஏன் ஐம்பதைத் தாண்டவில்லை என்று நீங்கள் அவளைக் கூப்பிட்டு விசாரித்தீர்களாம். உங்களுக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்று நினைத்து அவள் இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். என் அபிப்பிராயம் கேட்டால், பரீட்சைத் தாள் திருத்துகிறவர்கள் கை தாராளம். வீட்டுக் கணக்கில் நீங்கள் கொஞ்சம் கறார். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. கறாரான வாத்தியார் கையில் ஐம்பது வாங்குவதும் ஒரு பெருமைதான்.

இந்த ஆய்வு இருக்கிறதே, மலை மந்திர் முருகன் கோயிலில் பிரசாத வரிசை எப்படி நகர்கிறது என்பது, அது என் யோசனை. மேதா வேறு ஏதோ வைத்திருந்தாள், தலைப்பை நான் மாற்றிவிட்டேன். தான்தான் போர்ட்டலில் ஏதோ தப்பாக ஏற்றிவிட்டோம், இனிமேல் கைடிடம் போய்த் திருத்தினால் அசிங்கம் என்று நினைத்து அவள் இதையே வைத்துக்கொண்டாள். பங்குனி உத்திரத்தன்று புளியோதரை கவுன்டருக்கு எதிரில் நின்று ஒருவர் வந்து, வாங்கி, நகர எத்தனை நேரம் என்று பார்த்தேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன் என்றே சொல்லலாம். சௌக்கியமா என்று யாராவது கேட்டால் கணக்கு தப்பிவிடும். அதனால் அன்று ஒருவரோடும் பேசவில்லை. சுந்தரவல்லிக்குக் கர்வம் தலைக்கேறிவிட்டது என்று தமிழ்ச் சங்கத்தில் இன்னும் பேசுகிறார்கள். பிரசாதம்கூட வாங்காமல்தான் அன்றைக்குத் திரும்பினேன்.

என்ன கேட்டீர்கள்? நானே எங்காவது சேர்ந்து படித்திருக்கலாமே என்றா? அவரும் அதைத்தான் கேட்டார். அவர் ஒன்றும் மோசமான மனிதர் இல்லை.

"ஏன் சுந்தரி, நீயே அந்த ஓப்பன் யுனிவர்சிட்டில சேந்துடேன். ஃபீஸ் ஒண்ணும் ஜாஸ்தி இல்லை."

"எனக்கு எதுக்குப் பட்டம்? கொழந்தைக்குச் செய்ய வேண்டிய நேரத்துல நான் போய்ப் படிச்சிண்டு இருக்கவா?"

"அச்சா" என்றார்.

எனக்கென்று ஒரு பட்டம் வாங்கி மாட்டிக்கொள்ள நான் என்ன சுயநலக்காரியா, சொல்லுங்கள்.

மறுபடியும் டிங். நீங்கள் எழுந்திருக்க வேண்டாம், நானே பார்க்கிறேன்.

ஏதோ பாங்க்காரன். கார் வாங்கக் கடன் தருகிறானாம். இந்த ஸ்கூட்டரையே நிறுத்த இடமில்லாமல் அவர் தினமும் சண்டை போடுகிறார். முறுக்கு எடுத்துக்கொள்ளுங்கள், வீட்டில் பண்ணினது. மேதா மறுபடி கூப்பிடுகிறாள் போலிருக்கிறது. பேசுங்கள், பேசுங்கள். வரவில்லை என்றால் வரவில்லைதானே.

குரல் எப்படி இருக்கிறது அவளுக்கு? சளி பிடித்தாற்போல் இருக்கிறதா? முனிர்காவில் அந்தச் சந்துகளில் வெயிலே விழாது. சாப்பிட்டாளா என்று கேட்டிருக்கலாம் நீங்கள்.

மூன்றாம் ஆண்டுக் கடைசிக்கு வருகிறேன். அதுதான் நீங்கள் உண்மையில் கேட்க வந்தது. மூன்றாண்டோடு பட்டம் வாங்கிக்கொண்டு போகலாம், விரும்பினால் நான்காம் ஆண்டு இருந்து ஆய்வு செய்யலாம் என்பது விதி. நான் நான்காம் ஆண்டுக்காக நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். ஆய்வு என்றால் சும்மாவா? அப்போது பார்த்து மேதா ஒரு செய்தி கொண்டுவந்தாள். மத்தியப் பிரதேசத்தில் மலைப்பக்கம் ஏதோ ஒரு கிராமத்துப் பள்ளியில் குழந்தைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு ஃபெல்லோஷிப். இரண்டு வருஷம். அதற்கு விண்ணப்பித்திருக்கிறாளாம். கண்ணெல்லாம் பளபளவென்று இருந்தது.

"அங்க போய் என்னடி சொல்லிக் கொடுப்பே?"

"ஃபிராக்‌ஷன்ஸ் அம்மா. அஞ்சாம் கிளாஸ் பசங்களுக்கு அரை, கால்கூட வரலையாம். ரொட்டியப் பிச்சு பிச்சுச் சொல்லித் தரணும். எவ்ளோ மஸ்தா, ஜாலியா இருக்கும்!"

பின்னம். வகைக்கெழுச் சமன்பாடு வரை வந்தவள் பின்னம் சொல்லிக்கொடுக்கப் போகிறாள், அதுவும் ரொட்டியைப் பிய்த்து. எனக்குத் தலை சுற்றியது. அவள் போய்விட்டால் நான்காம் ஆண்டு என்ன ஆவது? புளியோதரை வரிசையை யார் பார்ப்பது?

அவளைத் தேர்ந்தெடுத்ததாக மெயில் வந்தபோது அவள் குளித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய மெயிலைத் திறக்க எண் என் போனுக்கு வரும், அதை உங்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நான் பதில் எழுதினேன். மரியாதையாகத்தான் எழுதினேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எங்காத்துக்காரர் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் உட்கார்ந்து எழுதும் ஆபீஸ் டிராஃப்ட் இங்கிலீஷ்தான். ஆகவே நிர்வாகக் காரணங்களை முன்னிட்டு இந்த வாய்ப்பை ஏற்க இயலாத நிலையில் இருக்கிறேன் என்றும், இத்துடன் இவ்விஷயத்தை முடிந்ததாகக் கருதவும் என்றும் எழுதி, மேதா என்று போட்டேன். பிறகு அந்த மெயிலையும் பதிலையும் அழித்தேன். நான்காம் ஆண்டு தொடரச் சம்மதம் என்று போர்ட்டலில் அழுத்தினேன். அவள் தலை துவட்டிக்கொண்டு வெளியே வருவதற்குள் எல்லாம் முடிந்து, தோசைக்கல்லும் காய்ந்திருந்தது.

அவள் மெயிலுக்காகக் காத்திருந்தாள். வெயில் காலம் முழுவதும் காத்திருந்தாள். எங்கேயும் போகமாட்டாள், பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் போனைப் பார்ப்பாள். அப்புறம் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். ஒரு மத்தியானம் என் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டு, "நான் அவ்ளோ மக்கா அம்மா?" என்று கேட்டாள். இல்லைடி என் தங்கமே, அவாளுக்குக் கொடுத்துவைக்கலை என்றேன். அது பொய் இல்லை. மோர்க்குழம்பும் சேப்பங்கிழங்கு ரோஸ்ட்டும் பண்ணினேன், அவளுக்குப் பிடிக்கும் என்று.

நீங்கள் முறுக்கைத் தட்டிலேயே வைத்துவிட்டீர்கள்.

மேதாவை நான் குறைவாக எடை போட்டுவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இந்த வருஷமும் அவள் அதே இடத்துக்கு விண்ணப்பித்தாள், என்னிடம் சொல்லவில்லை. போனில் நேர்காணல். எதிர்ப்பக்கம் பேசிய அம்மாள் சிரித்துக்கொண்டே, "போன வருஷம் நீங்கள்தானே நிர்வாகக் காரணங்களை முன்னிட்டு மறுத்தவர்? இருபத்தோரு வயதில் அப்படி எழுதின ஒருத்தரை நாங்கள் பார்த்ததே இல்லை" என்றாராம். மேதா நேரே அப்பாவிடம் போனாள். அந்த இங்கிலீஷ் இந்த வீட்டில் வேறு யாருடையதாக இருக்க முடியும்?

"அப்பா, நீங்க இப்படிப் பண்ணுவீங்கன்னு நான் நினைக்கவே இல்லை."

"எப்படிம்மா?"

ஒரு வாரம் அவள் அவரோடு பேசவில்லை. அவருக்கு ஏன் என்றே புரியவில்லை, பாவம். சாப்பாட்டு மேஜையில் உப்பை நகர்த்தச் சொன்னால்கூட அவள் என் பக்கம் பார்த்து, அப்பாவுக்கு உப்பு வேணுமாம் என்பாள். நான் நகர்த்தினேன். நடுவில் புகுந்து ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவுக்கும் பெண்ணுக்கும் நடுவில் தாய் மூக்கை நுழைக்கக் கூடாது என்பது என் கொள்கை.

அந்த வாரமே உங்கள் விஷயமும் வெளியே வந்தது. உங்கள் அறையில் உட்கார்ந்து நீங்கள் ஆய்வைப் பற்றி மேதாவுக்கு ஒரு கேள்வியை மெயிலில் தட்டினீர்கள், பிறகு மறக்காமல் இருக்கட்டும் என்று. மூன்றே நிமிஷத்தில் பதில் வந்தது. மேதா அப்போது உங்கள் எதிரில் சமோசா தின்றுகொண்டிருந்தாள், இரண்டு கையிலும் சட்னி. நீங்கள் திரையைத் திருப்பிக் காட்டினீர்களாம். மேற்படி விஷயம் தொடர்பாகத் தெரிவித்துக்கொள்வது என்று ஆரம்பித்திருந்தது. பதில் உடனே போட்டது என் தவறுதான். ஆனால் மேடம், ஒருவர் கணக்கில் சந்தேகம் கேட்கிறார், எனக்கு விடை தெரிகிறது, கையைக் கட்டிக்கொண்டு எப்படி உட்கார்ந்திருப்பது? அந்த வேளையில் அப்பா மீட்டிங்கில் இருப்பார், அவருக்குத் தட்டவும் வராது என்று மேதாவுக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அம்மா, நீதானா?"

"சாப்டுட்டுப் பேசலாம், ஆறிடும்."

"ஹிஸ்டரியும் நீதானா?"

அதை அவள் எப்படிச் சேர்த்துப் பார்த்தாள் என்று எனக்கு ஆச்சரியம். கொடுத்த இரண்டு புள்ளியை வைத்துக்கொண்டு மூன்றாவதைக் கண்டுபிடித்துவிட்டாள். கணிதம் படித்ததால் வந்த புத்தி. உள்ளுக்குள் எனக்குப் பெருமையாக இருந்தது.

"ஒரு வருஷம் தள்ளிப் போனா என்னடி குடி முழுகிடும்? உன் நல்லதுக்குத்தானே."

உள்ளே போய்ப் பையில் துணியை அடைத்தாள். தட்டில் போட்டு வைத்திருக்கிறேன், ரெண்டு வாய் சாப்டுட்டுப் போ என்றேன். "எனக்குப் பசிக்கலை" என்றாள். பிறந்ததிலிருந்து அந்தப் பெண் என்னிடம் பசிக்கவில்லை என்று சொன்னதில்லை. காய்ச்சலில்கூடச் சொன்னதில்லை. அன்றைக்கு வலித்தது, மேடம். கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மூன்றாம் அத்தியாயத்தை முடித்தேன், தேதி நெருங்கிவிட்டதே.

டிங். கேட்டது, கேட்டது. உட்காருங்கள்.

கோயிலிலிருந்து. சனிக்கிழமை அபிஷேகமாம். இதற்கெல்லாம் இப்போது மெசேஜ் அனுப்புகிறார்கள் பாருங்கள்.

அந்த ஃபெல்லோஷிப்காரர்கள் இந்த வருஷமும் அவளை எடுத்துக்கொண்டார்கள் என்று நீங்கள்தான் சொல்லித் தெரியும். திங்கட்கிழமைக்குள் பட்டம் முடித்ததற்குச் சான்று காட்ட வேண்டும், இல்லையென்றால் இடம் வேறு ஒருவருக்குப் போய்விடும், அதற்காகத்தான் இந்த அவசரம் என்றீர்கள். புரிகிறது. நான் முட்டாள் இல்லை. என் நிலையையும் நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு சமன்பாட்டைச் சும்மா விட்டால் அதற்கு ஆயிரம் தீர்வு இருக்கும். எல்லையில் ஒரு நிபந்தனை போட்டால்தான் உருப்படியாக ஒன்று வரும். பெண்ணைச் சும்மா விட்டால் அவள் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டு நிற்பாள். அந்த நிபந்தனையாக யாராவது நிற்க வேண்டாமா? எல்லாவற்றுக்கும் அச்சா சொல்ல ஏற்கெனவே ஓர் ஆள் இருக்கிறார்.

அடிக்கிறது உங்கள் போன். எடுத்துப் பேசுங்கள்.

என்ன சொல்கிறாள்? இனிமேல் எண் அனுப்பமாட்டோம் என்று திரையில் வருகிறதா? அழுகிறாளா? எனக்கும் கேட்கிறது, ஸ்பீக்கர் வேண்டாம்.

மணி ஐந்து பத்து. அந்தக் கடிகாரம் சரியான மணிதான் காட்டும்.

நீங்கள் ஃபிரிட்ஜைப் பார்க்கிறீர்கள். மூன்று தடவையும் எழுந்து வந்து பார்த்திருக்கலாம், பார்க்கவில்லை. நல்ல வளர்ப்பு. சொல்லிவிடுகிறேன், உங்களிடம் மறைத்து எனக்கு என்ன ஆகப்போகிறது? எங்கள் சிலிண்டர் நேற்றே வந்துவிட்டது. பாங்க்காரன் எனக்குக் கடன் தருவதாக இல்லை. சனிக்கிழமை அபிஷேகம் எதுவும் இல்லை. மூன்றும் அந்த ஆறு இலக்கம்தான். ஒவ்வொன்றாக வந்தது, ஒவ்வொன்றாக அழித்தேன், பேசிக்கொண்டே இருந்தேன். நீங்களும் பொறுமையாகக் கேட்டீர்கள். இவ்வளவு நேரம் நான் பேசி யாரும் கேட்டதில்லை.

டீனுக்கு எழுதுவேன் என்கிறீர்கள். தாராளமாக எழுதுங்கள். விசேஷக் காரணம் என்று எடுத்துக்கொண்டு செய்து கொடுத்தாலும் கொடுப்பார்கள். ஃபைல் எப்படி நகரும் என்று எனக்குத் தெரியும், நான் ஒரு ஃபைலோடுதான் குடித்தனம் பண்ணுகிறேன். திங்கட்கிழமைக்குள் அது ஒரு மேஜையைத் தாண்டாது. மேதா இரண்டு நாள் அழுவாள், அப்புறம் பசிக்கும், வந்துவிடுவாள். ஹல்வாவுக்கு பாதாம் ஊறப் போட்டிருக்கிறேன். நான்காம் ஆண்டுக்கு அவள் மெனக்கெடவே வேண்டாம், மீதி அத்தியாயம் எல்லாம் தயாராக இருக்கிறது. கையெழுத்துப் போட்டால் போதும்.

கிளம்புகிறீர்களா? காபியைப் பாதியில் வைத்துவிட்டீர்களே. ஒன்றே ஒன்று, மேடம். இந்த நாலு வருஷத்தில் நான் செய்ததெல்லாம் அவளுக்காக, எனக்கென்று யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. வந்தது வந்தீர்கள், செருப்பை மாட்டிக்கொள்ளும்போதாவது சொல்லிவிட்டுப் போங்கள்: மூன்றாம் அத்தியாயத்துக்கு எனக்கு எவ்வளவு போட்டீர்கள்?